சுமை தாங்கும் சுவரைத் திறக்கலாமா? – வாசகர் கேள்வி பதில்

இம்மாதம் வந்த கடிதங்களில் நான்கு, வீட்டுச் சுவரை இடிப்பது அல்லது வெட்டித் திறப்பது பற்றியவை. கேட்டவர்கள் கொழும்பின் வெவ்வேறு மூலைகளில் வசிப்பவர்கள், வீடுகளும் வெவ்வேறு காலத்தவை. இருப்பினும் விடயம் ஒன்றாகையால் நான்குக்கும் இவ்விதழிலேயே பதில் தருகிறோம்.

கேள்வி: வெள்ளவத்தையில் 1974 இல் என் மாமனார் கட்டிய வீட்டில் வசிக்கிறோம். 1992 இல் கூரையைக் கழற்றி, கொங்கிறீட் சிலாப் போட்டு மேல்மாடி எடுத்தோம். கீழே ஹோலுக்கும் சாப்பாட்டறைக்கும் நடுவில் ஒன்பது அங்குலச் செங்கற்சுவர் இருக்கிறது. இரண்டு அறைகளும் பன்னிரண்டடி அகலமானவை. ஆவணியில் மகளின் திருமணம். அதற்கு முன் அந்தச் சுவரில் பத்தடி திறந்துவிட்டால் வருபவர்கள் இருக்க வசதியாக இருக்கும். ‘இரண்டு ஜக் (நீட்டிக் குறைக்கக்கூடிய இரும்பு முட்டு) வைத்து, ஒரு எச் அயன் (எச் வடிவ இரும்பு பீம்) ஏற்றினால் மூன்று நாளில் முடிந்துவிடும்’ என்கிறார் மேசன். என் தம்பியோ சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, சத்தத்தைக் கேட்டாலே இது பாரம் தாங்கும் சுவர் இல்லை என்று தெரிகிறது என்கிறான். யார் சொல்வதைக் கேட்பது?
– திருமதி வ. ச., வெள்ளவத்தை

பதில்: முதலில் தம்பியின் சோதனையைப் பார்த்துவிடுவோம். சுவரைத் தட்டினால் பூச்சு கல்லை விட்டு விலகியிருக்கிறதா, உள்ளே பொந்து இருக்கிறதா என்பது தெரியுமே தவிர, அதன்மேல் என்ன இருக்கிறது என்பது தெரியாது. நாலரை அங்குலச் சுவர் என்றால் வெறும் தடுப்புத்தான் என்ற நம்பிக்கையும் பல வீடுகளில் உண்டு; மேலே சிலாப் போட்ட அன்றே அந்தத் தடுப்பும் சுமையில் பங்கு வாங்கத் தொடங்கியிருக்கலாம். உங்கள் வீட்டில் ஐயத்துக்கே இடமில்லை. 1974 இல் ஓட்டுக் கூரையை மட்டும் தாங்கக் கட்டப்பட்ட சுவர், 1992 இலிருந்து இரண்டு பக்கச் சிலாப்பையும் மேல்மாடிச் சுவரையும் புதிய கூரையையும் சேர்த்துச் சுமந்து நிற்கிறது. அச்சுவருக்குள் தூணோ, சிலாப்பின் அடியில் பீமோ இருக்கிறதா என்பதை உறுதி செய்ய, சுவரின் மேல்விளிம்பில் இரண்டு மூன்று இடங்களில் உள்ளங்கை அகலத்துக்குப் பூச்சை உரித்துப் பார்த்தால் போதும். 1992 இல் சிலாப்புக்கு வரைந்த படம் பெட்டிக்குள் எங்காவது இருந்தால், கம்பிகள் எந்தத் திசையில் ஓடுகின்றன என்பதை அது சொல்லிவிடும். எனினும் சிலாப் நான்கு பக்கச் சுவர்களிலும் ஏறி நிற்பதும் சாதாரணம் என்பதால், ‘கம்பி அந்தப் பக்கம் ஓடுகிறது, இந்தச் சுவருக்கு வேலையில்லை’ என்று நீங்களே முடிவு கட்டிவிட வேண்டாம்.

அடுத்து, மேசனின் மூன்று நாள் கணக்கு. ஐந்து அங்குலச் சிலாப், அதன்மேல் டைல், கீழே பூச்சு, மேலே நடமாடும் மனிதர்களும் தளபாடங்களும் என்று சேர்த்தால் சதுர அடிக்கு ஐம்பது கிலோவுக்குச் சற்று அதிகம் வரும். இரண்டு அறைகளிலிருந்தும் பாதிப் பாதியாகப் பன்னிரண்டடி அகலச் சிலாப் இந்தச் சுவரை நம்பியிருக்கிறது. பத்தடித் திறப்புக்கு அது ஆறு தொன்னைத் தாண்டும். மேல்மாடியில் இதே கோட்டில் ஒன்பது அங்குலச் சுவர் பத்தடி உயரத்துக்கு நின்றால் அது இன்னும் ஏறத்தாழ நாலரை தொன். கூரையும் சேர்ந்தால் மொத்தம் பன்னிரண்டு தொன்னுக்கு அருகில் வருகிறது. பத்தடிக்கு நீட்டிய சாதாரண இரும்பு ஜக் ஒன்றை நம்பி ஒன்றரை தொன்னுக்கு மேல் ஏற்றுவதில்லை. நீட்ட நீட்ட அதன் வலு குறையும், சற்றுச் சாய்ந்து நின்றால் மேலும் குறையும். ஆகவே இரண்டு ஜக் என்பது கட்டடவேலைப் பேச்சே அல்ல. இரண்டு பக்கமும் வரிசையாகப் பத்துக்குக் குறையாத ஜக்குகளை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் என்னை அதிகம் கவலைப்படுத்துவது ஜக்கும் அல்ல, எச் அயனும் அல்ல. சரியான அளவில் வாங்கிய இரும்பு பீம் பத்தடி இடைவெளியை எளிதாகத் தாங்கும். அதன் இரண்டு முனைகளும் எதன்மேல் உட்காரப்போகின்றன என்பதுதான் கேள்வி. இப்போது அந்தப் பன்னிரண்டு தொன் பத்தடி நீளச் சுவர் முழுவதும் பரவி, ஆயிரத்துக்கும் மேற்பட்ட சதுர அங்குலச் செங்கல்லில் இறங்குகிறது. பீம் போட்ட பிறகு அதே பாரம் ஒவ்வொரு முனையிலும் ஒன்பதுக்கு ஒன்பது அங்குலச் சிறு சதுரத்தில் ஆறு தொன்னாக வந்து விழும். சுவர் தாங்கிய அழுத்தம் ஏறத்தாழ ஏழு மடங்காகிவிடுகிறது. அரை நூற்றாண்டுக்கு முன் கையால் அச்சிட்டுச் சூளையில் சுட்ட செங்கல் அந்த இடத்தில் நசுங்கினால் பீம் எவ்வளவு பலமானது என்பதால் ஒரு பயனும் இல்லை. நான் பார்க்கப் போன ஒரு வீட்டில், தேவைக்கு இரண்டு மடங்கு கனமான இரும்பைப் பெருமையுடன் ஏற்றியிருந்தார்கள். பீமில் குறையே இல்லை, அதன் ஒரு முனை மட்டும் கல்லுக்குள் அரை அங்குலம் இறங்கியிருந்தது. மேலே குளியலறைச் சுவர் மூலைவாட்டில் பிளந்திருந்தது.

அதனால் பீமின் முனைகளுக்குக் கீழே கொங்கிறீட் திண்டு வார்த்து, பாரத்தைப் பதினெட்டு அங்குலத்துக்கோ அதற்கு மேலோ பரப்ப வேண்டும். அல்லது இரண்டு முனைகளிலும் தனி அத்திவாரத்துடன் புதிய தூண்கள் எழுப்ப வேண்டும். எது வேண்டும் என்பது, திறப்பின் இரு பக்கமும் எவ்வளவு சுவர் மிஞ்சுகிறது என்பதைப் பொறுத்தது. இரண்டடிக்குக் குறைவான துண்டு மிஞ்சினால், அதுவும் மறுபக்கத்தில் ஒரு கதவோ யன்னலோ இருந்தால், அந்தத் துண்டை நம்பாமல் தூணுக்குப் போவதே நல்லது என்பது என் எண்ணம். அத்திவாரத்தையும் ஓரிடத்தில் தோண்டிப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு மாடிக்கென்று கருங்கல்லில் இட்ட அத்திவாரத்தின் மேல் ஏற்கெனவே இரண்டாவது மாடி ஏறிவிட்டது என்பதை மறக்கக்கூடாது.

வேலையின் ஒழுங்கு எப்படி இருக்க வேண்டும் என்பதை நீங்கள் தெரிந்து வைத்திருந்தால், வாசலில் நின்றே தவறைக் கண்டுபிடிக்கலாம். மேலே இதே கோட்டில் சுவர் இருப்பதால், சிலாப்புக்கு முட்டுக் கொடுத்தால் மட்டும் போதாது. சுவரில் சிலாப்புக்குச் சற்றுக் கீழே, மூன்றடிக்கு ஒன்றாகத் துளையிட்டு, அவற்றினூடாகக் குறுக்கே குட்டை இரும்பு பீம்களைச் செருகி, ஒவ்வொன்றின் இரு முனைகளையும் ஜக்கில் தாங்க வேண்டும். இரண்டு பக்கச் சிலாப்புக்கும் அதற்கு மேலதிகமாக முட்டு வரிசை வேண்டும். ஜக்கின் காலடியில் டைலை மட்டும் நம்பக்கூடாது, ஏனெனில் டைலின் கீழே நிரப்பிய மண்தான் இருக்கும். ஒன்பதங்குல அகலத் தடித்த பலகையைப் படுக்கவைத்து அதன்மேல்தான் ஜக் நிற்க வேண்டும். மொட்டைமாடியில் தண்ணீர்த் தாங்கி இருந்தால் வேலை தொடங்கும் முன் அதை வெறுமையாக்குங்கள். ஆயிரம் லீற்றர் தாங்கி நிறைந்திருந்தால் ஒரு தொன். மேல்மாடியில் யாரும் படுக்கக்கூடாது. சுவருக்குள் ஓடும் மின்கம்பியையும் தண்ணீர்க் குழாயையும் முன்னரே தேடிப்பிடித்து நிறுத்திவிட வேண்டும்.

இவ்வளவும் ஆன பிறகுதான் முதற்கல் கழற்றப்பட வேண்டும். அதையும் சம்மட்டியால் அடித்தல்ல. வெட்டும் மெஷினால் கோடு பிடித்து அறுத்து, மேலிருந்து கீழாகக் கல் கல்லாக எடுக்க வேண்டும். பெரிய சம்மட்டியின் ஒவ்வோர் அடியும் மிஞ்சப்போகும் சுவரின் சாந்தைத் தளர்த்தும். பீம் ஏறியதும் அதற்கும் சிலாப்புக்கும் இடையிலுள்ள இடைவெளியை, ஒன்றுக்கு மூன்று சீமெந்தும் மணலும் சேர்த்து, கையில் பிடித்தால் உருண்டையாக நிற்கும் அளவுக்கு மட்டும் ஈரமாக்கிய கலவையால் இறுக்கி அடைக்க வேண்டும். இந்த ஒரு வேலையை மேசன்மார் ‘பூச்சோடு சேர்த்துப் பார்த்துக்கொள்ளலாம்’ என்று விட்டுவிடுகிறார்கள். அடைக்காமல் ஜக்கைக் கழற்றினால், பீமைத் தொடும் வரைக்கும் சிலாப் கீழே இறங்கும். இறங்கும் அந்தச் சில மில்லிமீற்றரில்தான் மேல்மாடிச் சுவர் வெடிக்கிறது. கொங்கிறீட் பீம் வார்ப்பதானால் முழு வலு வருவதற்கு 28 நாள் எடுக்கும். பொறியியலாளர் எழுதித் தரும் வரை முட்டுகளைத் தொடக்கூடாது. கழற்றும்போதும் நடுவிலிருந்து முனைகளை நோக்கி, ஒவ்வொன்றையும் சிறிது சிறிதாகத் தளர்த்திக்கொண்டே போக வேண்டும். கடற்காற்று அடிக்கும் உங்கள் பகுதியில் இரும்பு பீமுக்குத் துருத்தடுப்புப் பூச்சு நன்றாக அடித்து, கொங்கிறீட்டாலோ சீமெந்துப் பூச்சாலோ மூடிவிடுவதும் அவசியம். அந்த மூடல் தீ பிடித்தாலும் சற்று நேரம் காப்பாற்றும்.

அனுமதி பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும். கொழும்பு மாநகர எல்லைக்குள் கட்டமைப்பை மாற்றும் இத்தகைய வேலை, 1915 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டத்துக்கும் 1978 ஆம் ஆண்டின் 41 ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டத்துக்கும் உட்பட்டது. உள்ளே நடப்பதுதானே, யார் பார்க்கப்போகிறார்கள் என்று எண்ணாமல், பட்டயப் பொறியியலாளர் ஒருவரின் வரைபடத்துடன் மாநகர சபையை நாடுங்கள். 2017 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த பொறியியல் பேரவையில் அவர் பதிவு பெற்றவரா என்று கேட்பதில் கூச்சப்படத் தேவையில்லை.

இத்தனையையும் ஆவணிக்கு முன் அடக்க முடியாது. திருமணத்தை சுவர் நிற்கும்போதே நடத்துங்கள், முற்றத்தில் ஒரு பந்தல் போட்டுக்கொள்ளுங்கள். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழைக் காலம். தோண்டிய அத்திவாரக் குழியில் தண்ணீர் நிற்கும் காலத்தில் இந்த வேலையைத் தொடங்காமல், மழை குறைந்த தை, மாசியில் தொடங்கினால் உங்களுக்கும் மேசனுக்கும் நிம்மதி. மேசனை நீங்கள் மாற்ற வேண்டியதில்லை. அவர் கையில் வரைபடம் இருந்தால் நன்றாகவே செய்யக்கூடியவராக இருக்கலாம்.

கேள்வி: கொட்டாஞ்சேனையில் வரிசை வீடொன்றில் இருக்கிறோம். சுவர்கள் கபுக்கல்லால் சுண்ணாம்புச் சாந்து வைத்துக் கட்டியவை. அம்மாவுக்குச் சக்கர நாற்காலி தேவைப்படுகிறது. அவருடைய அறை வாசல் உள்ளளவு 29 அங்குலம்தான்; நாற்காலி போனாலும் தள்ளுபவரின் கை உரசுகிறது. வாசலை நாலடியாக அகலப்படுத்தலாமா?
– திரு. பி. ஜோ., கொட்டாஞ்சேனை

பதில்: அகலப்படுத்துவதற்கு முன் உங்கள் வாசலின் மர நிலையை அளந்து பாருங்கள். பழைய வீடுகளில் நிலைச்சட்டம் பக்கத்துக்கு மூன்று அங்குலமாவது இருக்கும். நிலையைக் கழற்றிவிட்டு, கதவுக்குப் பதிலாகச் சுவரின் வெளிப்பக்கத்தில் நகரும் கதவோ திரையோ போட்டால், சுவரில் ஒரு கல்லையும் தொடாமல் 35 அங்குலம் கிடைத்துவிடும். நாற்காலிக்கும் தள்ளுபவரின் கைக்கும் அது போதுமானது. நாலடி தேவையே இல்லை.

ஒரு முன்னெச்சரிக்கை மட்டும். நிலையைக் கழற்றுவதற்கு முன் அதன் மேலே என்ன இருக்கிறது என்று பூச்சை உரித்துப் பார்க்க வேண்டும். சில பழைய வீடுகளில் லிண்டல், அதாவது வாசலுக்கு மேலே குறுக்காகக் கிடந்து கற்களைத் தாங்கும் சட்டம், மரத்தாலானது, கறையான் உள்ளே தின்றுவிட்டிருக்கும், மேலே உள்ள கற்களை உண்மையில் தாங்குவது நிலையாகத்தான் இருக்கும். அப்படியிருந்தால் முதலில் இரு புறமும் முட்டுக் கொடுத்துக் கொங்கிறீட் லிண்டலைப் போட்டுவிட்டு, அது இறுகிய பிறகே நிலையை எடுக்க வேண்டும். கபுக்கல் வெட்டியெடுக்கும்போது மென்மையாக இருந்து காற்றுப்பட்டு இறுகும் கல். ஈரம் ஏறினால் மீண்டும் வலுவிழக்கும். லிண்டல் முனை உட்காரும் இடத்தில் கல் கையால் சுரண்டினால் உதிர்கிறதா என்று பார்த்து, உதிர்ந்தால் அக்கற்களை மாற்றுங்கள்.

அம்மாவின் அறைச் சுவர் அடுத்த வீட்டோடு பொதுவானதா என்பதைக் கடிதத்தில் சொல்லவில்லை. வாசல் இருக்கும் சுவர் பொதுச்சுவராக இருக்க முடியாது. ஆனால் அது பொதுச்சுவரில் சென்று முட்டும் மூலை, வாசலுக்கு மிக அருகில் இருக்கலாம். வரிசை வீடுகளில் அயலவரின் கூரை வளைகளும் பொதுச்சுவரில்தான் ஏறியிருக்கும். ஆகவே வேலை தொடங்கும் முன் அவர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடுவது நல்லது.

கேள்வி: பம்பலப்பிட்டியில் எட்டாம் மாடியில் தொடர்மாடி வீடு வாங்கியிருக்கிறோம். வாஸ்து பார்த்தவர், குசினிச் சுவரில் பாதியை எடுத்தால்தான் நல்லது என்கிறார். கொங்கிறீட் சுவர். எடுக்கலாமா?
– ஒரு வாசகி, பம்பலப்பிட்டி

பதில்: எடுக்கக்கூடாது. தொடர்மாடியில் ஒரு சுவர் கொங்கிறீட்டில் வார்க்கப்பட்டிருக்கிறது என்றால், உங்களுக்கு மேலேயுள்ள எல்லா மாடிகளின் பாரத்தையும் காற்றின் தள்ளலையும் அது அத்திவாரம் வரை கொண்டுபோகிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். சட்டப்படியும் 1973 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கத் தொடர்மாடி வீட்டுரிமைச் சட்டத்தில் பிரதான சுவர்களும் தூண்களும் பீம்களும் பொது ஆதனம், உங்கள் தனிச் சொத்து அல்ல. புளொக் கல்லால் கட்டிய மெல்லிய தடுப்பாக இருந்தால் விடயம் வேறு; அதற்கும் கட்டடத்தின் முகாமைத்துவக் கூட்டுத்தாபனத்திடம் மூல வரைபடத்தைக் கேட்டுப் பார்த்து, எழுத்தில் சம்மதம் பெற்ற பிறகே கை வைக்க வேண்டும். வாஸ்து பார்ப்பவரிடம் சுவரைத் தொடாத பரிகாரம் ஒன்றைக் கேளுங்கள். அவர்களிடம் எப்போதும் ஒன்று இருக்கும்.

கேள்வி: தெஹிவளையில் மூன்று வருடத்துக்கு முன் ஒரு இரண்டு மாடி வீடு வாங்கினோம். முன்பு இருந்தவர்கள் குசினிச் சுவரை முழுவதும் எடுத்து ஹோலோடு சேர்த்திருக்கிறார்கள். கடந்த மாதத்திலிருந்து மேலறைக் கதவு இறுகுகிறது. அறைச் சுவரில் கதவு மூலையிலிருந்து சாய்வாக ஒரு வெடிப்பு போகிறது, பத்துச் சத நாணயம் உள்ளே போகும். பெயின்ற் அடிக்க வந்தவர் பட்டி வைத்துவிடலாம் என்றார். செய்யலாமா?
– திரு. எம். ந., தெஹிவளை

பதில்: இக்கடிதத்துக்கு இதழ் அச்சேறும் வரை காத்திராமல் தபாலில் பதில் அனுப்பிவிட்டோம். இதே நிலையில் வேறு யாரேனும் இருக்கலாம் என்பதால் இங்கும் தருகிறோம்.

2017 மே மாதத்தில் வெள்ளவத்தையில் மாடிக் கட்டடம் ஒன்று சரிந்த பிறகு, பூச்சில் மயிரிழை தெரிந்தாலே என்னை அழைப்பவர்கள் அதிகரித்தார்கள். பெரும்பாலானவை பூச்சு காய்ந்து சுருங்கியதால் வந்தவை, பயப்படத் தேவையற்றவை. உங்களுடையது அந்த வகையல்ல. சாய்வான வெடிப்பு, நாணயம் நுழையும் அகலம், புதிதாக இறுகும் கதவு, கீழே சுவரில்லாத இடம் ஆகிய நான்கும் ஒன்றாக இருந்தால், மேற்சுவரைத் தாங்குவது கீழே வளைந்துகொண்டிருக்கிறது என்றுதான் கொள்ள வேண்டும்.

பட்டி வைக்காதீர்கள், அது வெடிப்பை அல்ல, வெடிப்புச் சொல்லும் செய்தியை மூடும். அந்த அறையையும் அதன் கீழுள்ள பகுதியையும் இன்றே வெறுமையாக்குங்கள். அங்கே அலுமாரி, புத்தகங்கள், தண்ணீர்த் தாங்கி எது இருந்தாலும் பாரத்தைக் குறையுங்கள். சுவர் எடுக்கப்பட்ட கோட்டில், சிலாப்பின் அடியில் தடித்த பலகையை வைத்து நாலடிக்கு ஒன்றாக ஜக்குகளை நிறுத்தச் சொல்லுங்கள். ஆனால் அவற்றைத் திருகிச் சிலாப்பை மேலே தூக்க முயலவே கூடாது. தொட்டு, இறுகி நின்றால் போதும். மூன்று வருடமாக மெதுவாக வளைந்ததை ஒரு மாலையில் நிமிர்த்தப் போனால் புதிய இடத்தில் வெடிக்கும். வெடிப்பின் இரு முனைகளிலும் பென்சிலால் குறுக்குக்கோடு இட்டு, தேதியும் அகலமும் எழுதி வையுங்கள். பார்க்க வரும் பொறியியலாளருக்கு, வெடிப்பு நின்றுவிட்டதா நகர்கிறதா என்பதை அந்தக் கோடுகள்தான் சொல்லும்.

எடுத்த சுவரின் இடத்தில் பீம் ஒன்று போட்டிருக்கிறார்களா, அல்லது சிலாப் தானாகவே நிற்கிறதா என்பதை சீலிங்கைக் கழற்றினால் பார்த்துவிடலாம். பீம் இருந்து முனைகள் மட்டும் நசுங்கியிருந்தால், முட்டு நிற்க வைத்துக்கொண்டு திண்டு வார்த்துச் சரிசெய்யலாம். பீமே இல்லையென்றால், முன்பு இருந்தவர்கள் செய்யாமல் விட்ட வேலை முழுவதையும் நீங்கள் இப்போது செய்ய வேண்டியிருக்கும்; சில வீடுகளில் நடுவில் இரண்டு தூண் எழுப்பி, குசினிக்கும் ஹோலுக்கும் இடையே மூன்றடித் துண்டுச் சுவரைத் திரும்பக் கட்டுவதே மலிவாகவும் பலமாகவும் முடிகிறது. வெடிப்பு ஒரே வாரத்தில் ஒரு மில்லிமீற்றரேனும் அகன்றால், அல்லது இரவில் சுவருக்குள் ‘டிக்’ என்ற சத்தம் கேட்டால், பொறியியலாளர் வரும் வரை குடும்பத்தோடு வேறிடத்தில் தங்குங்கள்.